பேஸும் இல்லை, காதும் வலி: இன்-இயர் இயர்போனைச் சரிசெய்த அனுபவம்

500 ரூபாய்க்குள் வாங்கிய இயர்போனில் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கிணுகிணுத்தது. இடப்பக்கமான தொப்பியின் கனமே இல்லை. காதும் வலித்தது.

இயர்போனை இரண்டு காதிலும் விரலால் லேசாக அழுத்தினேன். பேஸ், அதாவது கனத்த ஒலி, உடனே வந்தது! அப்படியானால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, ரப்பர் முனையில்தான். காதுத் துளை சரியாக அடைபடாவிட்டால் முதலில் கசிந்துபோவது கனத்த ஒலி. பெட்டியில் இருந்த பெரிய முனை இடது காதுக்கு, நடுத்தரம் வலதுக்கு என்று மாட்டினேன். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

சரி, வலி? அதற்கு ஃபோம் முனை. விரலால் உருட்டிச் சுருக்கி, காதுமடலை மேலே இழுத்தபடி செருகினால் உள்ளே மெல்ல விரிந்து உட்காரும். அழுத்தமே தெரிவதில்லை. அப்புறம், ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றி விட்டதும் உரசல் சத்தமும் வெகுவாகக் குறைந்தது. ஃபோம் நாளடைவில் தளரும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.