கண்டிஷனல் ஆஃபர் எப்போது அன்கண்டிஷனல் ஆகும்? ரிசல்ட் நாளுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை

2025-இல் எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவன் என் மகன், லண்டனில் ஏ-லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி, அங்கே பள்ளி முடிக்கும்போது எழுதும் தேர்வு) படித்தான். இன்னொருத்தி அக்கா மகள், மதுரையில் பிளஸ் டூ. இருவர் கையிலும் இருந்தது கண்டிஷனல் ஆஃபர்தான். "ரிசல்ட் நாளுக்கு முன்னாலேயே அன்கண்டிஷனல் ஆகிடுமா?" என்று இருவரும் என்னிடம் கேட்டார்கள். அவளுக்கு ஆகும், அவனுக்கு ஆகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலைந்து வாரம் ஆனது. அந்த நாலைந்து வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். கண்டிஷனல் என்றால், இடம் உண்டு, ஆனால் கேட்டதைக் காட்டினால்தான். அன்கண்டிஷனல் என்றால், காட்ட வேண்டியது எதுவும் பாக்கியில்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக ஐந்து படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம். வந்த ஆஃபர்களில் முதல் விருப்பத்தை ஃபர்ம் என்றும், கைகாவலாக ஒன்றை இன்ஷூரன்ஸ் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள்

யூகாஸ் ஹப்பில், அதாவது அதன் தளத்தில் உங்கள் விண்ணப்ப நிலை தெரியும் பக்கத்தில், இருப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தையும், அவர்களுடைய விண்ணப்பதாரர் தளத்தையும் சேர்த்துப் படியுங்கள். மதிப்பெண் ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். அதற்குக் கீழே ஜிசிஎஸ்இ (அங்கே பதினாறு வயதுவாக்கில் எழுதும் பொதுத்தேர்வு) கணிதச் சான்றிதழைக் காட்டு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கொடு, பாஸ்போர்ட் நகல் அனுப்பு என்றெல்லாம் இருக்கும். நர்சிங், ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனையும் உடல்நலச் சோதனையும் சேரும்.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்றே காட்ட முடிந்தவை, வலப்பக்கம் தேர்வு முடிவு வந்தால்தான் காட்ட முடிந்தவை. வலப்பக்கம் காலியாக இருந்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. அதில் ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்த முடிவு வரும் தேதிதான் உங்கள் தேதி.

படி 2: உங்கள் முடிவு எப்போது வரும், அதை யார் அனுப்புவார்கள்?

எங்கள் வீட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் வழி பிரிந்தது இங்கேதான்.

2025-இல் ஏ-லெவல் முடிவு ஆகஸ்ட் 14 அன்று வந்தது. தேர்வு வாரியங்கள் மதிப்பெண்களை யூகாஸுக்குக் கொடுக்கும், யூகாஸ் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும். மாணவர் கைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பே பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைப் பார்த்துவிடும், பல சமயம் முடிவும் எடுத்துவிடும். ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது கட்டாயம். அந்த நாட்களில் போன் செய்து கெஞ்சினாலும் பதில் வராது, அதிகாரிகளைக் குறை சொல்லவும் முடியாது. ரிசல்ட் நாள் காலை 8 மணிவாக்கில் ஹப் மாறும்போதுதான் தெரியும். என் மகன் ஜூலை முழுக்க நாளைக்குப் பத்து முறை ஹப்பைத் திறந்து பார்த்தது வீண்தான், பாவம்.

மதுரைப் பெண்ணுக்கோ பிளஸ் டூ முடிவு மே 8 அன்றே வந்துவிட்டது. சிபிஎஸ்இ மே 13. ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு ஜூலை தொடக்கத்தில், ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 5. ஏற்கனவே தேர்வெழுதி, ஓராண்டு இடைவெளி விட்டு விண்ணப்பிப்பவர்கள் கையில் மதிப்பெண் முன்பே இருக்கிறது. இவர்களில் யாரும் ஏ-லெவல் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். ஏ-லெவல், ஐபி போன்றவற்றை யூகாஸே அனுப்பிவிடும். தமிழ்நாட்டு பிளஸ் டூ மதிப்பெண்ணை அது அனுப்பாது, நாம்தான் அனுப்ப வேண்டும். "முடிவுதான் வந்துவிட்டதே, அவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று அக்கா இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டாள். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

படி 3: சான்றிதழ்களை அனுப்புங்கள், பெயரைச் சரிபாருங்கள்

அசல் மதிப்பெண் பட்டியல் கைக்கு வரத் தாமதமாகும். இணையத்தில் இறக்கும் தற்காலிகப் பட்டியலில் தலைமையாசிரியரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி முதலில் அதை ஏற்றுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பதையும் சேர்க்கலாம். தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள், முழுப் பக்கமும் விளிம்பு வெட்டாமல் தெரியட்டும்.

இனி பெயர். நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் பெயரும் ஓர் எழுத்து இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராகி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலி. யூகாஸ் படிவமோ இரண்டு பெயரும் கேட்கும், அவசரத்தில் எதையோ நிரப்பியிருப்போம். மூன்று ஆவணம், மூன்று பெயர். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது ஒரே பெண்தான் என்று எப்படித் தெரியும்?

அக்கா மகளின் ஆஃபர் ஜூன் மாதம் முழுக்க அசையாமல் கிடந்ததற்குக் காரணம் இதுதான். மதிப்பெண் தேவைக்கு மேலேயே இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது, அதை எங்களுக்கு யாரும் எழுதிச் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு தாள்கள் போதுமானதாக இருந்தன: இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று பள்ளி கொடுத்த கடிதம், அப்பா பெயர் அச்சிட்டிருக்கும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். நீங்கள் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

லண்டனில் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பார்க்க வேண்டும். பள்ளி தேர்வுக்குப் பதிந்த பெயரும் பிறந்த தேதியும் யூகாஸில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், ரிசல்ட் நாளன்று மதிப்பெண் உங்கள் விண்ணப்பத்தோடு இணையாமல் நிற்கலாம். பள்ளியின் தேர்வு அலுவலரிடம் கோடை விடுமுறைக்கு முன்பே ஒரு முறை கேட்டுவிட்டால் போதும்.

படி 4: ஆங்கில நிபந்தனை

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வைக் கேட்டிருக்கிறார்கள் என்றவுடன் பணம் கட்டி ஓடாதீர்கள். பிளஸ் டூ ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் அதையே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. ஆனால் எந்த வாரியம், எத்தனை சதவீதம் என்பது ஒவ்வொரு இடத்திலும் மாறும். எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்

பதில் வராவிட்டால் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே உங்கள் 10 இலக்க யூகாஸ் எண், படிப்பின் பெயர், தொடங்கும் ஆண்டு மூன்றும் இருக்கட்டும். உள்ளே நான்கு வரி போதும்: எந்த நிபந்தனைகளை முடித்துவிட்டேன், என்றைக்கு எந்த ஆவணத்தை அனுப்பினேன், இன்னும் என்ன பாக்கி. "என் ஆஃபரை அன்கண்டிஷனல் ஆக்குங்கள்" என்று கேட்பதைவிட "எந்த நிபந்தனை இன்னும் திறந்திருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எங்களுக்கு மறுநாளே பதில் வந்தது. அதில்தான் பெயர் விஷயமே தெரிந்தது.

விசா எடுக்க வேண்டியவர்களுக்கு இந்த நாட்கள் பொன் போன்றவை. அன்கண்டிஷனல் ஆனபின்தான் பல்கலைக்கழகம் காஸ் எனப்படும் சேர்க்கை உறுதி எண்ணைத் தரும். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. வங்கியில் பணம் தொடர்ந்து 28 நாட்கள் இருந்தாக வேண்டும், இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆஃபர் மாறும்வரை காத்திராமல் இவ்விரண்டையும் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

படி 6: மாறுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்

ஃபர்ம் வைத்த இடம் அன்கண்டிஷனல் ஆன நொடியில் இன்ஷூரன்ஸ் போய்விடும். நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மனம் மாறினால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஜூலை தொடக்கத்தில் திறக்கும் கிளியரிங் (நிரம்பாத இடங்களை நிரப்பும் ஏற்பாடு) வழியாக வேறு இடம் தேட வேண்டியிருக்கும். உள்ளூர ஆசை இன்ஷூரன்ஸ் மேல் இருந்தால், சான்றிதழ் அனுப்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நம்ப வேண்டாதவை

பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி வந்துவிட்டது, விடுதி அறை ஒதுக்கிவிட்டார்கள், அதனால் இடம் உறுதி என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். நிர்வாக வசதிக்காக முன்கூட்டியே இவற்றைச் செய்துவைப்பார்கள், அவ்வளவுதான். ஹப்பில் நிலை மாறினால் மட்டுமே மாறியது.

"ஃபர்ம் போட்டால் உடனே அன்கண்டிஷனல் ஆக்கித் தருவார்கள்" என்பது பழைய கதை. 2013-இலிருந்து சில ஆண்டுகள் அப்படி ஒரு வழக்கம் பரவியது உண்மைதான். மாணவர்களை அவசரப்படுத்தி முடிவெடுக்க வைக்கிறது, அன்கண்டிஷனல் கிடைத்தவர்கள் படிப்பில் தளர்ந்துவிடுகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2020-இல் இங்கிலாந்தின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் அதைத் தற்காலிகமாகத் தடுத்தது. 2022-இல் பல்கலைக்கழகங்களே ஏற்ற நடத்தை விதிகளிலும் அது கூடாது என்று எழுதப்பட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு தூண்டிலைப் போடக் கூடாது.

எல்லாம் செய்தும் ரிசல்ட் நாளுக்கு முந்தைய இரவு வரை கண்டிஷனல் என்றே இருந்தால் பதற வேண்டாம். ஏ-லெவல் மாணவர்களுக்கு அதுதான் இயல்பு. யூகாஸ் எண், கடவுச்சொல், பல்கலைக்கழகத்தின் தொலைபேசி எண் மூன்றையும் எழுதி மேசைமேல் வையுங்கள். காலையில் மதிப்பெண் சரியாக இருந்தும் ஹப் மாறவில்லை என்றால், ஏதோ ஒரு சான்றிதழ் பாக்கி என்று பொருளாக இருக்கலாம், உடனே கூப்பிட்டுக் கேளுங்கள். ஆகஸ்ட் 31-க்குள் நிபந்தனைகளை முடித்தாக வேண்டும், அதற்குள் விடுபட்ட ஆவணத்தைக் கொடுக்க நேரம் இருக்கிறது.