தேன்பெட்டியைத் திறக்காமலே உள்ளே பார்க்க

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு தேன்பெட்டிகள் நிற்கின்றன. எல்லாம் ஏழு அடைச்சட்டம் கொண்ட நியூட்டன் பெட்டி, எல்லாவற்றிலும் நம்மூர் இந்தியத் தேனீ. இந்த ஈயை அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடும். மழைக்காலத்தில் சர்க்கரைப்பாகு தீர்ந்ததா என்று பார்க்கத் திறந்து திறந்தே இரண்டு கூட்டங்களை இழந்தேன். அதற்கப்புறம்தான் மேல்மூடிக்கு அடியில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் அக்ரிலிக் தகடு வைக்க ஆரம்பித்தேன்.

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 4 மி.மீ. தகட்டின் வெட்டுத்துண்டு கிடைக்கும். அதைவிட மெல்லியது வெயில் காலத்தில் வளைகிறது. பெட்டியின் வெளி அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அடிப்பக்கம் நான்கு ஓரத்திலும் மெல்லிய மரச்சட்டம் ஒட்டுங்கள். பசை வாடை முழுதும் போக இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டுத்தான் பெட்டியில் ஏற்ற வேண்டும்.

அந்த மரச்சட்டத்தின் உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அடைச்சட்டத்தின், அதாவது ஈ அடை கட்டும் சட்டத்தின், மேல்விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே 7 அல்லது 8 மி.மீ. விடுங்கள், ஈ தாராளமாக நடக்கும், அடை கட்டாது. நான் முதலில் செய்ததில் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர். பத்தே நாளில் தகட்டின் அடியில் வெள்ளை வெளேரென்று அடை தொங்கியது. தூக்கியதும் அது கிழிந்து தேன் வழிந்தது, சாயங்காலத்துக்குள் எறும்பு ஏறிவிட்டது. இந்திய ஈ பிசின் சேர்த்து ஒட்டுவதில்லை என்பதால், இடைவெளி சரியாக இருந்தால் தகடு இழுபறி இல்லாமல் கையோடு வரும்.

தகட்டை வைத்தால் மேல்மூடியின் காற்றோட்டம் அடைபடும். ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பிவலை ஒட்டுங்கள். துளை போடுவதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள், வீட்டில் அவசரப்பட்டால் விளிம்பு விரியும். விடிகாலையில் தகட்டின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால், துளையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் சணல் சாக்கை மடித்துப் போட்டு, மேலே வழக்கமான மரமூடியை வையுங்கள். மரமூடி எப்போதும் இருக்கவேண்டும். தகட்டின் மேல் நேர் வெயில் பட்டால் பெட்டி அடுப்பாகிவிடும். 40 டிகிரி தாண்டினாலே மெழுகு இளகும்.

பார்க்கும்போது ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. பளிச்சென்ற வெளிச்சத்தில் மூடியை எடுத்தால் ஈக்கள் தகட்டை நோக்கி ஓடி வந்து மொய்க்கும், கீழே எதுவும் தெரியாது. நான் பொழுது சாய்ந்ததும் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு போகிறேன். தேனீக்குச் சிவப்பு தெரியாது என்று தேனீ ஆராய்ச்சியாளர் கார்ல் வான் ஃபிரிஷ் நூறு வருஷம் முன்பே சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் அவை தம் பாட்டுக்கு நடக்கின்றன.

ஏழு அடைச்சட்டங்களுக்கு நடுவே ஆறு சந்துகள். எத்தனை சந்தில் ஈ நிறைந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆறில் மூன்றாகக் குறைந்தால் கூட்டம் நலிகிறது. ரப்பர் தளிர்விட்டதும், ஜனவரி பிப்ரவரியில், சட்டங்களின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளைக்கோடாக ஏறும். அன்றைக்கே தேனறையை, அதாவது தேன் சேர மேலே வைக்கும் அறையை, ஏற்றிவிடுங்கள். மழைமாதத்தில் பாகு ஊற்றிய சிரட்டை காய்ந்திருக்கிறதா என்பதும் மேலிருந்தே தெரியும். எனக்கு இந்த ஒன்றுக்காகவே தகடு போதும்.

ஆனால் புழு அறையின் உள்பக்கம் தெரியாது. புது ராணி வளரும் ராணி அறைகள் அடையின் கீழ் விளிம்பில் கட்டப்படுவதால் அவையும் மேலிருந்து தெரியாது. 1991-92ல் தென்னிந்தியக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய்லாந்து பைப்புழு நோயும், அறைக்குள் தலைதூக்கிச் செத்துக் கிடக்கும் புழுவைப் பார்த்தால்தான் பிடிபடும். அப்பாவின் காலிப் பெட்டிகள் கொட்டகையில் அடுக்கியிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் சந்துகளின் எண்ணிக்கை இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் தயங்காமல் புகை காட்டித் திறந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பாருங்கள்.