கதை கசியாமல் திரில்லர் பார்க்க: வன்னி ரசிகர்களுக்கு

திரில்லர், பேய்ப்படம், சயன்ஸ் பிக்‌ஷன் எல்லாமே கதை தெரியாமல் பார்க்கும் முதல் தடவைக்காக எடுக்கப்படுபவை. அந்த முதல் தடவை ஒருமுறைதான் கிடைக்கும். வன்னியில் அதைக் காப்பாற்ற வேலை கொஞ்சம் கூட. படம் வெள்ளிக்கிழமை வந்தாலும், வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தியேட்டருக்குப் போக அநேகமானோருக்கு ஞாயிறுதான் வாய்க்கும்.

முதலில் தியேட்டரா, ஓடிடியா என்று முடிவெடுங்கள். தியேட்டர் என்றால் இரண்டு மூன்று நாள் கவனமாக இருந்தால் போதும். ஓடிடிக்குத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு கிழமை கழித்துத்தான் வரும். கொலைகாரன் யார் என்பதை மையமாக வைத்த படத்தை அவ்வளவு நாள் தெரியாமல் வைத்திருப்பது மிகக் கடினம். பஸ் காசைச் செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள். துரத்தல், அடிதடிப் படங்கள் காத்திருக்கலாம். முடிவு தெரிந்தாலும் அவற்றின் காட்சிகள் சோர்ந்துவிடுவதில்லை. பேய்ப்படத்தில் நிலைமை வேறு: பேய் உண்மையா, மனிதர் செய்யும் சூழ்ச்சியா என்ற ஒரு வரி தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வியாழன் இரவே போனைத் தயார் செய்யுங்கள். வெள்ளி மத்தியானம் வரை பொறுத்தால் பிந்திவிடும். ரொறன்ரோவில் வியாழன் பின்னேரம் 7 மணிக்கு முன்னோட்டக் காட்சி என்றால், கோடை காலத்தில் நமக்கு அது வெள்ளி விடிய 4.30. நீங்கள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் கனடாவில் இருக்கும் மச்சான் படம் முடிந்து வெளியே வந்துவிடுவார், குடும்ப குரூப்பில் எழுதவும் தொடங்கிவிடுவார்.

அதிகம் கசிவது வட்ஸ்அப் ஸ்டேட்டஸில். திரையைப் போனால் எடுத்த கிளைமாக்ஸ் துண்டு, தொட்டவுடன் ஓடத் தொடங்கிவிடும். படம் பார்க்கிற ஆட்களின் பெயரை ஸ்டேட்டஸ் பக்கத்தில் அழுத்திப் பிடித்து மியூட் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், டேட்டாவும் மிஞ்சும். நிறுத்தாவிட்டால் குரூப்பைத் திறக்காமலே காட்சிகள் கலரியில் வந்து நிற்கும். குரூப்பை ஆர்கைவ் செய்தால், ஆர்கைவிலேயே வைத்திரு என்ற தெரிவும் ஓனாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புது மெசேஜ் வந்ததும் மேலே ஏறிவிடும்.

யூடியூப்பில் வீடியோவைத் திறக்கவே தேவையில்லை, தம்ப்நெயிலே கதையைச் சொல்லிவிடும். பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தி வைத்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது. எக்ஸ் தளத்தில் படத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், ரசிகர்கள் சொல்லும் சுருக்கப் பெயரிலும் மியூட் செய்யுங்கள். படத்துக்குள் எழுதிய எழுத்தை இது பிடிக்காது. தேடல் பக்கத்திலும் வேலை செய்யாது. அதனால் தேடவே வேண்டாம். கூகிளில் பெயரைப் பாதி அடித்தாலே யார் சாகிறார் என்று அதுவே மீதியை நிரப்பிக் காட்டலாம். தொடர் என்றால் நடிகர் பட்டியலையும் தவிருங்கள்: ஒருவர் எத்தனை எபிசோட்டில் வருகிறார் என்ற எண்ணிக்கையே அவர் எப்போது சாகிறார் என்று காட்டிவிடும்.

டீசர் பார்க்கலாம். ட்ரெயிலரை முதல் ஒரு நிமிடத்தோடு நிறுத்துங்கள். பின்பாதியில்தான் கிளைமாக்ஸ் ஷொட்டுகளை வெட்டி ஒட்டுவார்கள்.

தியேட்டருக்குப் பிந்திப் போனால் இத்தனை கவனமும் வீண். 1960இல் ‘சைக்கோ’ வந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்கொக் விதி வைத்தார். நல்ல திரில்லரில் முதல் பத்து நிமிடத்திலேயே விடைக்கான தடயம் கிடக்கும். முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கத்தார் பகல் காட்சிக்குப் போவதே நல்லது. இரவில் ஏ9 வீதியில் கொழும்பு–யாழ்ப்பாணம் பஸ் பிடித்து மாங்குளம் வந்து சேரலாம். சந்தியில் இறங்கிய பிறகு உள்ளே போக வழி தேட வேண்டிவரும். கடைசி பஸ்ஸை நினைத்து, முடிச்சு அவிழும் நேரத்தில் எழும்பி ஓடுவது எல்லாவற்றையும் விடக் கொடுமை.

ஓடிடியில் பார்ப்பவர்கள் காது கேளாதோருக்கான சப்டைட்டிலைத் தேவையில்லாமல் போடவேண்டாம். முகமூடி போட்டவர் பேசும்போது சிலவேளை பேசுபவரின் பெயரையே அது எழுதிவிடும். சாதாரண சப்டைட்டில் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்.

பார்த்து முடித்தவருக்கும் பொறுப்பு உண்டு. “கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு” என்பதும் ஸ்பொயிலர்தான். கேட்டவர் படம் முழுக்க அதற்காகவே காத்திருப்பார், நடுவில் வரும் எதையும் நம்பமாட்டார். எந்த வகைப் படம், எவ்வளவு நீளம், சின்னப்பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா: இந்த மூன்றையும் சொன்னால் போதும். திரும்பி வரும் பஸ்ஸில் முடிவைப் பற்றிக் கதைக்காதீர்கள். முன் சீட்டில் இருப்பவர் நாளைக்குப் பார்க்க ரிக்கெற் எடுத்தவராக இருக்கலாம்.