பிளெண்டரில் கடற்காட்சி: ரெண்டர் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரில், கடல் அலைகளை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையர் என்ற கருவியில் முதலில் கவனிக்க வேண்டியது ரெசல்யூஷன், அதாவது நீர்ப்பரப்பின் நுணுக்க அளவு. அங்கே 16 என்று கொடுத்தால் 256×256 கட்டங்கள் கொண்ட நீர்ப்பரப்பு உருவாகிறது; அதையே 32 ஆக்கினால் 1024×1024 ஆகி, கட்டங்களின் எண்ணிக்கை 16 மடங்கு பெருகி நினைவகத்தை விழுங்கிவிடும். ஆகவே வியூபோர்ட்டுக்கு (வேலை செய்யும்போது காட்சியைப் பார்க்கும் சாளரத்துக்கு) குறைந்த மதிப்பையும், இறுதி ரெண்டருக்கு (முழுப் படத்தைக் கணித்து உருவாக்குவதற்கு) மட்டும் உயர்ந்த மதிப்பையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீரின் ஒளிவிலகல் எண் 1.333; நீரின் மெட்டீரியலில் இந்த மதிப்பையே கொடுங்கள்.

பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் உண்மையான சிக்கல் அலைமுகட்டில் மின்னும் சூரிய ஒளிதான். பட்டுத் தெறித்துவரும் ஒளியின் உச்சப் பொலிவுக்கு வரம்பிடும் இன்டைரக்ட் கிளாம்ப் மதிப்பைக் குறைத்தால் சிதறிய வெண்புள்ளிகள் மறையும் என்றாலும், மிகவும் குறைத்தால் எதிரொளியின் பொலிவும் சேர்ந்து மங்கிக் கடல் உயிரிழந்து தோன்றும் என்பதால், இயல்பான 10இலிருந்து சிறிது சிறிதாகவே இறங்குவது நல்லது. படத்தில் எவ்வளவு புள்ளியிரைச்சல் மிஞ்சலாம் என்பதைச் சொல்லும் நாய்ஸ் திரெஷோல்டை 0.01இல் தொடங்கலாம். அந்த இரைச்சலை நீக்கும் டீநாய்ஸர் நுண்ணிய சிற்றலைகளையும் நுரையையும் வழித்துவிடக்கூடும். அசைவூட்டத்தில் அது மினுமினுப்பையும் உண்டாக்கும். எனவே ஒரே படத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், அடுத்தடுத்த 20 சட்டகங்களையேனும் ரெண்டர் செய்து, ஓடவிட்டுப் பாருங்கள்.