செம்மான் குரல் கேட்க ஒரு பள்ளத்தாக்கு

சுவிட்சர்லாந்தில் செர்னெஸ் ஊரை ஒட்டியிருக்கும் சுவிஸ் தேசியப் பூங்கா 1914இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் கெடுபிடி அதிகம். குறியிட்ட பாதையை விட்டு விலகக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது, கூடாரம் போடக்கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுகூடப் போக முடியாது. குளிர்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், செப்டம்பர் கடைசியில் இந்தப் பூங்காவில் இருக்கும் வால் ட்ருப்சுன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். செம்மான்கள் இணைசேரும் பருவம் அது. ஆண் மான்கள் அடிவயிற்றிலிருந்து எழுப்பும் முழக்கம் சரிவெங்கும் எதிரொலிக்கும். முதல்முறை கேட்பவர்கள் மான் என்று நம்பவே மாட்டார்கள்! அவை பெரும்பாலும் எதிர்ச்சரிவில் தூரத்தில் நிற்கும் என்பதால் பைனாகுலர் கட்டாயம். அப்புறம், ஒரு தடித்த ஸ்வெட்டர். அந்த உயரத்தில் காலைக் குளிர் எலும்பைத் தொடும்.