கல்லாவில் இருக்கும்போது கத்தியைக் காட்டினால்

தற்காப்பு கற்றுக்கொள்ள வரும் கடைக்காரர்கள் முதலில் கேட்பது, கத்தியை எப்படிப் பிடுங்குவது என்றுதான். அதைக் கடைசியில் பார்ப்போம். வந்தவன் பணம் கேட்கிறானா, உயிரைக் குறிவைக்கிறானா என்பதைப் பிரித்தறிவதுதான் முதல் பாடம். பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பது வலிக்காமல் இருக்க, கல்லாவில் சில்லறை கொடுக்கத் தேவையான தொகை மட்டும் இருக்கட்டும். சிறிய மளிகைக் கடைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் போதும். மீதியை அவ்வப்போது, தரையோடு போல்ட் போட்ட உண்டியல் பெட்டியில் போட்டுவிடுங்கள். அதன் சாவி கடையில் இருக்கக் கூடாது.

மேஜையின் அகலத்தையும் அளந்து பாருங்கள். நீட்டிய கையும் ஒன்றரை அடி அரிவாளும் சேர்ந்தால் மூன்றரை அடிக்கு எட்டும். இரண்டு அடி மேஜைக்குப் பின்னால் நிற்பவர் வெட்டு விழும் தூரத்தில்தான் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் ஓரடி இடமாவது காலியாக இருக்க வேண்டும். பல கடைகளில் அங்கேதான் எண்ணெய் டின்களை அடுக்கி வைக்கிறார்கள்!

மிரட்டல் வந்தால் இரு கைகளையும் விரித்து, உள்ளங்கை தெரிய, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்ப்பவனுக்கு அது பணிவு. திடீரென்று வீசினால் முகத்தையும் கழுத்தையும் மறைக்க அதுவே அரண். அசைவதற்கு முன் வாயால் சொல்லுங்கள்: "டிராயரைத் திறக்கிறேன்ணே, எடுத்துக்கங்க." சொல்லாமல் மேஜைக்கடியில் கை போனால், ஆயுதம் எடுக்கிறீர்கள் என்று நினைத்து வெட்டிவிடுவான். மேஜைக்கடியில் மிளகாய்ப்பொடியோ ஸ்பிரேயோ வைத்திருப்பவர்கள் ஒரு முறை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: மின்விசிறி சுழலும் குறுகிய கடையில் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பும்.

பணம் கொடுத்த பிறகும் வெட்ட வந்தால், அல்லது உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கப் பார்த்தால், கணக்கு மாறிவிட்டது. அப்போது பிளாஸ்டிக் ஸ்டூலின் கால்கள் அவன் பக்கம் இருக்கும்படி பிடித்து, அவன் நெஞ்சை நோக்கித் தள்ளிக்கொண்டே கத்துங்கள், வாசலுக்கு நகருங்கள். ஸ்டூல் கைக்கெட்டாவிட்டால் முன்கையின் வெளிப்புறத்தால் தடுங்கள்; உட்புறத்தில் முக்கிய ரத்தக்குழாய்களும் தசைநாண்களும் மேலாகவே ஓடுகின்றன. வழி கிடைத்ததும் ஓடுங்கள். கத்தியைப் பிடுங்குவது வேறு வழியே இல்லாதபோதுதான், அப்போதும் இரு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், கத்தியின் அலகை அல்ல. மடித்த செய்தித்தாளைக் கத்தியாக வைத்து, மாதம் இருமுறை கடை அடைத்தபின் பத்து நிமிடம் வேலையாட்களோடு பழகுங்கள். பழகாதவருக்கு அந்த நேரத்தில் ஸ்டூல் இருப்பதே நினைவுக்கு வராது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 37. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் வழக்கு உங்கள் மீதும் திரும்பலாம். பைக்கில் இன்னொருவன் காத்திருக்கவும் கூடும்.

அவர்கள் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு 112ஐ அழையுங்கள். காயம் இருந்தால் 108. சுத்தமான துணியை வெட்டின் மேல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். குத்திய கத்தி உடலிலேயே இருந்தால் பிடுங்கவே கூடாது. அவர்கள் தொட்ட கண்ணாடியைத் துடைக்காதீர்கள், தூவிய மிளகாய்ப்பொடியைப் பெருக்காதீர்கள்.

காவலர் வருவதற்குள், கடையில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் பார்த்ததைத் தனித்தனியாக எழுதுங்கள்; பேசினால் ஒருவர் நினைவு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும். சட்டையைவிடச் செருப்பைக் கவனித்தவர் சாட்சி உதவும்: போகிற வழியில் சட்டையை மாற்றுவான், செருப்பை மாற்றுவது அரிது. நம்பர் பிளேட் போலியாக இருக்கலாம், பைக்கின் நெளிவும் ஸ்டிக்கரும் அப்படியல்ல. எஃப்ஐஆர் நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்; காப்பீட்டுக்கு அது வேண்டும்.

கேமரா கூரையில் இருந்தால் தொப்பிதான் பதிவாகும். ஒன்றையாவது வாசலருகே முக உயரத்தில், ஐந்தரை அடியில் வையுங்கள். கேமரா காட்சிகள் பதிவாகும் டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்கடியில் வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். அதன் கடிகாரத்தையும் இன்றே சரிபாருங்கள்.