தோல் பின்னல் சீரா வரணுமா? லேஸ் வெட்டுறதுல இருந்து ஆரம்பிங்க

தோல்ல நாலு புரி பின்னல் கத்துக்கணும்னு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது பின்னுற பேட்டர்ன் பத்திதான். பேட்டர்ன் ஒரு மணி நேரத்துல கைக்கு வந்துடும், அது பெரிய விஷயமே இல்ல. பின்னுன அப்புறம் ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் ஓட்டை தெரிஞ்சுக்கிட்டு இருக்குன்னா தப்பு பின்னல்ல இல்ல, லேஸ்ல, அதாவது பின்றதுக்காக தோல்ல வெட்டி எடுக்கிற நீளமான பட்டையில இருக்கு. அதனால இந்தப் பதிவுல பின்னலே கிடையாது, லேஸ் மட்டும்தான், ஒரு முழுத்தோல்ல இருந்து ஒரே அகலம் ஒரே கனத்துல லேஸ் எடுத்து பின்ன ரெடி பண்ற வரைக்கும்.

முதல்ல எனக்கு நடந்ததை சொல்லிடறேன். எங்க வீட்டு நாய்க்கு ஒரு கயிறு பின்னினேன், பின்னி முடிச்சப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு. ஒரு மாசம் போனதும் நாலுல ரெண்டு புரி மட்டும் நீண்டு பின்னலுக்கு வெளிய வளையம் வளையமா எழும்பி நின்னுச்சு. என்னாச்சுன்னா அந்த ரெண்டு புரியும் தோலோட வயிறு பகுதியில வெட்டினது, மத்த ரெண்டும் முதுகு பகுதி. வயிறு தோல் இழுத்தா ரப்பர் மாதிரி வரும், முதுகு வராது. வெட்டினதும் இழுத்து வச்சிருந்தா இது நடந்தே இருக்காது, நான் அந்த ஸ்டெப்பை விட்டுட்டேன். நீங்க விடாதீங்க.

ஸ்டெப் 1: தோல்

இந்த வேலைக்கு உலகத்துலயே பேர் போனது கங்காரு தோல். ஆஸ்திரேலியாவுல சாட்டை பின்றவங்க 12 புரி, 16 புரி, 24 புரின்னு பின்றது எல்லாம் அதுலதான். அந்தத் தோலுக்குள்ள இருக்கிற நார் எல்லாம் மேற்பரப்புக்கு இணையா படுத்து கிடக்கும், அதனால மெலிசா சீவினாலும் மத்த தோல் அளவுக்கு பலம் குறையாது. அர்ஜென்டினாவுல மாடு மேய்க்கிற காவ்சோக்கள் பதப்படுத்தாத பச்சைத்தோல்லயே வெட்டி பின்னுவாங்க, அவங்க வெட்டுற இழைக்கு தியெந்தோன்னு பேரு.

நமக்கு பழகறதுக்கு ஆட்டுத்தோல் போதும், அதுவும் மரப்பட்டையில பதம் பண்ணினதா இருந்தா ரொம்ப நல்லது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு தோல் பதம் பண்றது நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கிற தொழில், இப்படி பதம் பண்ணின தோலுக்கு ஈ.ஐ. லெதர் (ஈஸ்ட் இந்தியா லெதர்)னு பேரு, அப்படி கேட்டா சென்னை பெரியமேடு கடைகள்ல புரியும். வாங்கும்போது தோலை வெளிச்சத்துல விரிச்சு பாருங்க, தழும்பு, முள் கிழிச்ச கோடு, ஓட்டை இருக்கிற இடத்தை பேனாவால வட்டம் போட்டு வச்சுக்கோங்க. விரலுக்கு நடுவுல வச்சு நகர்த்திப் பார்த்தா கனம் எங்க மாறுதுன்னு கைக்கே தெரியும். கனம் 1 மி.மீ பக்கத்துல ஒரே சீரா இருக்கிற நடுப்பகுதிதான் வேணும்.

ஸ்டெப் 2: வட்டம், கணக்கு

நீளமான லேஸ் வேணும்னா நீளமான தோல் தேவையில்ல, வட்டமா ஒரு துண்டு எடுத்து ஓரத்துல இருந்து கொசுவத்திச் சுருள் மாதிரி உள்ள வெட்டிக்கிட்டே போகணும். எவ்ளோ நீளம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், வட்டத்தோட பரப்பை லேஸ் அகலத்தால வகுத்தா போதும். உதாரணத்துக்கு 25 செ.மீ விட்டம்னா பரப்பு சுமார் 490 சதுர செ.மீ, நடுவுல 4 செ.மீ வட்டத்தை வெட்ட முடியாது அத கழிச்சிடுங்க, மிச்சம் 478, அத 6 மி.மீ அதாவது 0.6 செ.மீ-யால வகுத்தா கிட்டத்தட்ட 8 மீட்டர். நாலு புரிக்கு தலா 2 மீட்டர். பின்னினா நீளம் குறையும், அதனால பின்னல் எவ்ளோ நீளம் வேணுமோ அதைப் போல ஒன்றரை மடங்கு வச்சுக்கோங்க, அப்புறம் முடிச்சுக்கு ஒரு ஜாண்.

வட்டத்தை நல்லா வட்டமா வெட்டுங்க. ஓரத்துல ஒரு சின்ன மேடு இருந்தாலும் அது அடுத்த சுத்துக்கும் அதுக்கடுத்த சுத்துக்கும் போய்க்கிட்டே இருக்கும். சதுரத் துண்டுதான் இருக்குன்னா மூலைய எல்லாம் உருட்டிடுங்க.

ஸ்டெப் 3: வெட்டுற கருவி

கடையில லேஸ் கட்டர் கிடைக்குது, வாங்கினாலும் சரி. ஆனா கையிலயே பண்ணிக்கலாம், பண்ணினா அது எப்படி வேலை செய்யுதுன்னும் புரிஞ்சிடும்.

கெட்டியான மரத்துண்டு ஒன்னு, தேக்கு வேங்கை எதுனாலும், சோப்பு டப்பா சைஸ் போதும். அதோட பக்கவாட்டுல ஆக்ஸா பிளேடால படுக்கை வாக்குல ஒரு பிளவு போடுங்க, 15 மி.மீ ஆழம். தோல் இந்த பிளவுக்குள்ள இறுக்கமும் இல்லாம லூஸும் இல்லாம நுழையணும், டைட்டா இருந்தா உப்புத்தாள மடிச்சு உள்ள விட்டு தேய்ங்க. இப்ப மேல இருந்து செங்குத்தா இன்னொரு பிளவு, அது படுக்கை பிளவை தாண்டி கீழ வரைக்கும் போகணும். அதுல கட்டர் பிளேடை சொருகணும், கூர் பக்கம் தோல் வர்ற திசையைப் பார்த்து. படுக்கை பிளவோட அடிக்கும் பிளேடுக்கும் இடையில எவ்ளோ தூரமோ அதான் உங்க லேஸோட அகலம். ஒரே கட்டையில 6 மி.மீ-க்கு ஒன்னு, 5 மி.மீ-க்கு ஒன்னுன்னு ரெண்டு போட்டுக்கோங்க. கட்டைய டேபிள்ல கிளாம்ப் போட்டு இறுக்கிடுங்க.

வட்டத்தோட ஓரத்துல கத்திரியால ஒரு 5 செ.மீ வால் மாதிரி வெட்டி அத பிளவுக்குள்ள விட்டு அந்தப் பக்கம் பிடிச்சு இழுங்க. இழுக்கிற கை ஒரே வேகத்துல போகணும், இன்னொரு கை வட்டத்தை சுத்தி விட்டு ஓரம் பிளவோட அடியிலயே ஒட்டி இருக்கிற மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கணும், அழுத்தம் விட்டா அந்த இடத்துல லேஸ் ஒல்லியாகிடும். நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தின இடத்துல எல்லாம் ஒரு சின்ன படி விழும். இழுக்கிற கை பிளேடுக்கு நேரா வராம பாத்துக்கோங்க.

பிளேடு விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். புது பிளேடா இருந்தாலும் ஒரு தோல் பட்டையில பாலிஷ் தடவி பத்து தடவை தீட்டிட்டு போடுங்க. மொக்கை பிளேடு வெட்டாது, இழுக்கும், இழுத்தா ஓரம் அலை அலையா வரும்.

இங்க ஒன்ன மனசுல வச்சுக்கோங்க: கத்தி நிக்கணும், லேஸ் ஓடணும். இனிமே வர்ற வெட்டுற, சீவற வேலை எல்லாம் இப்படித்தான்.

ஸ்டெப் 4: இழுக்கறது

வெட்டின லேஸ்ல ஒரு நுனிய ஜன்னல் கம்பியில கட்டுங்க. ஒரு மீட்டர் ஒரு மீட்டரா கையில பிடிச்சு மெதுவா, வெடுக்குனு இல்லாம, அது நீள்றது நிக்கிற வரைக்கும் இழுங்க. வட்டமா வெட்டினதால ஒரே சுத்துல முதுகு போக்கும் வரும், குறுக்குப் போக்கும் வரும், அதனால ஒரு இடம் நல்லா நீளும், கொஞ்சம் தள்ளி நீளவே நீளாது. அறுந்தா அறுகட்டும், அந்த இடம் என்னைக்காவது அறுந்துதான் போயிருக்கும், பின்னினதுக்கு அப்புறம் அறுந்தா மொத்தமும் போச்சு. எனக்கு ஆட்டுத்தோல்ல 1 மீட்டர் 1.10 வரைக்கும் வந்திருக்கு.

ஸ்டெப் 5: திரும்பவும் அகலம்

நிறைய பேர் இத பண்றதில்ல. இழுத்ததும் நீண்ட இடம் எல்லாம் ஒல்லியாகி இருக்கும், நீளாத இடம் அப்படியே 6 மி.மீ இருக்கும். வெர்னியர் (மில்லிமீட்டர்ல துல்லியமா அளக்கிற கருவி) வச்சு ரொம்ப ஒல்லியான இடத்தை தேடுங்க, அது 5.2 இருந்துச்சுன்னா 5 மி.மீ பிளவுல மொத்த லேஸையும் விட்டு இழுங்க. அப்ப பிளேடுக்கு அந்தப் பக்கம் தலைமுடி மாதிரி ஒரு இழை பிரிஞ்சு வரும் பாருங்க, சில இடத்துல நூல் கனத்துக்கு வரும், சில இடத்துல தூசி மாதிரி உதிரும், அதோட கனத்தைப் பார்த்தாலே எந்த இடம் எவ்ளோ நீண்டுச்சுன்னு சொல்லிடலாம். இழை வராம வெறுமனே போகுதுன்னா அந்த இடம் 5-க்கும் கீழ, அத ஒதுக்கிட்டு வெட்டிடுங்க.

ஸ்டெப் 6: ஓரம் சீவறது

லேஸோட அடிப்பக்கம், சொரசொரன்னு இருக்கிற பக்கம், ரெண்டு ஓரத்தையும் சாய்வா சீவணும். அப்பதான் ஒரு புரி மேல இன்னொரு புரி ஏறும்போது படி தெரியாம படுக்கும், உருண்டை பின்னலுக்கு இது ரொம்ப முக்கியம். பலகையில பிளேடை 45 டிகிரி சாய்ச்சு குத்தி, பக்கத்துல ரெண்டு ஆணி அடிச்சு லேஸ் நகராம பிடிச்சுக்கிட்டு, அடிப்பக்கம் மேல பாக்கற மாதிரி இழுக்கணும். கனத்துல பாதிக்கு மேல சீவ வேணாம், மேல்பக்கத்தை தொடவே கூடாது. மொத லேஸ்லயே பண்ணாதீங்க, வட்டத்தோட நடுவுல மிஞ்சின துண்டுல வெட்டி பழகுங்க.

கனமே அங்கங்க மாறுதுன்னா அதுக்கு ஸ்பிளிட்டர்னு ஒரு மெஷின் இருக்கு, ஆரம்பத்துல அது வேணாம், தோலை நல்லதா பொறுக்கினா போதும்.

ஸ்டெப் 7: சோப்பு

ஆஸ்திரேலியாக்காரங்க பார் சோப்பை துருவி தண்ணியில கொதிக்க வச்சு கரைச்சு, அதுல விலங்குக் கொழுப்பை போட்டு கிளறி ஆற வச்சிடுவாங்க, வெண்ணெய் மாதிரி ஆகிடும். அத லேசா விரல்ல எடுத்து லேஸ் முழுக்க உருவினா பின்னும்போது வழுக்கிக்கிட்டு போய் இறுக்கமா உக்காரும், முடிச்சதும் ஈரம் காஞ்சு பின்னல் அப்படியே நிக்கும். வெறும் எண்ணெய் நிறைய தடவாதீங்க, தோல் ஊறி மறுபடி நீள ஆரம்பிச்சிடும்.

பின்ன உக்காரறதுக்கு முன்னாடி நாலு புரியையும் ஸ்கேல் மேல ஒட்டி ஒட்டி அடுக்குங்க. 5 மி.மீ நாலுன்னா சரியா 20 மி.மீ வரணும். ஆரம்பத்துல, நடுவுல, கடைசியில மூணு இடத்துல பாருங்க, எங்கயாவது 21 காட்டினா அந்த நாலுல எது தடிச்சதுன்னு பிரிச்சு எடுத்து இன்னொரு தடவை பிளவுல விட்டு இழுத்துடுங்க.